கல்லுக்கு மெருகு: எந்தத் துகள், எப்போது?

கரடுமுரடான கற்களைப் பளபளப்பாக்குவது பல நாடுகளில் விரும்பப்படும் ஒரு பொழுதுபோக்கு. கல், தண்ணீர், தேய்ப்புத் துகள் மூன்றையும் சிறிய உருளையில் இட்டு மூடி, மின்விசையால் இரவு பகலாக உருட்டினால் ஏறத்தாழ ஒரு மாதத்தில் மெருகேறிவிடும். கேட்பதற்கு எளிதுதான். ஆனால், மாத முடிவில் மங்கிய கற்களைக் கையில் எடுத்து ஏமாறுவோரும் உண்டு. பெரும்பாலும் அதற்குக் காரணம் இயந்திரம் அல்ல; துகளைத் தேர்ந்தெடுத்த விதம்.

ஆற்று மணலே போதாதா என்ற கேள்வி எழலாம். போதாது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில், மணலில் மிகுந்திருக்கும் குவார்ட்ஸ் 7. இப்பொழுதுபோக்கில் பலரும் விரும்பும் அகேட் கல்லும் கிட்டத்தட்ட 7. சமபலம் உள்ளவை ஒன்றையொன்று எளிதில் தேய்க்க மாட்டா. சிலிக்கான் கார்பைடோ 9க்கும் மேல். அது நொறுங்க நொறுங்கப் புதிய கூர்முனைகளும் உண்டாகின்றன.

துகள் பொட்டலத்தில் உள்ள எண், சல்லடையில் ஓர் அங்குலத்திற்கு எத்தனை கண்கள் என்பதைக் குறிக்கும். எண் கூடக் கூடத் துகள் நைசாகும். அகேட்டுக்கு முதலில் 60/90, அடுத்து 120/220, பிறகு 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு மெருகுத் தூள் என்பது வழக்கமான வரிசை. ஒவ்வொரு கட்டத்திற்கும் ஏறக்குறைய 7 நாள். 3 பவுண்டு உருளையை மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் கற்களால் நிரப்பினால், 4 மேசைக்கரண்டித் துகள் போதும்.

இங்குதான் கவனம் தேவை. ஒவ்வொரு துகளும் அதற்கு முந்தைய துகள் விட்ட கீறலைத்தான் அழிக்கும். பள்ளமும் வெடிப்பும் முதல் கட்டத்திலேயே மறைய வேண்டும். 7 நாளில் மறையாவிட்டால், தேய்ந்துபோன துகளைக் கழுவிவிட்டுப் புதிய 60/90 இட்டு இன்னொரு வாரம் உருட்டுவதே முறை. அவசரப்பட்டு அடுத்த கட்டத்திற்குப் போனால், பின்னர் எத்தனை வாரம் உருட்டினாலும் பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

ஃபுளோரைட் போன்ற மென்மையான கல்லின் கடினம் 4 மட்டுமே. பருந்துகள் அதை அரித்துத் தின்றுவிடும். ஆகவே, 120/220 அல்லது அதைவிட நைசான துகளில் தொடங்கலாம். கடினக் கல்லையும் மென்கல்லையும் ஒரே உருளையில் கலக்கக் கூடாது.

கட்டம் மாறும்போது கல், உருளை, மூடி அனைத்தையும் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். இடுக்கில் தங்கிய ஒரு பருந்துகளே மெருகைக் கெடுத்துவிடும். கழுவிய சேற்றைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் சிமெண்டுபோல் இறுகி அடைத்துக்கொள்ளும். ஒரு வாளியில் தெளியவிட்டு, அடிவண்டலைக் குப்பையில் போடலாம். உலர்ந்த தூள் மூச்சில் கலக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நனைந்த கல் எதுவும் பளபளக்கத்தான் செய்யும். துடைத்து, நன்கு உலர்த்தி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பின்பே அடுத்த பொட்டலத்தைப் பிரியுங்கள்.