வீடியோ டெக் ஏன் நின்றது?

உங்கள் வீட்டுப் பரணிலோ, தாத்தா பாட்டி வீட்டு அலமாரியிலோ சிறிய புத்தகம் அளவுள்ள கறுப்பு வீடியோ கேசட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் முதுகில் ஒட்டிய தாளில் ஒரு கல்யாணத் தேதியோ, ஒரு நடன அரங்கேற்றமோ மங்கிய மையில் எழுதப்பட்டிருக்கும். அதில் பதிவான காட்சிக்குப் பெரும்பாலும் வேறு பிரதி இருக்காது. அதைப் பார்க்க வி.சி.ஆர். கருவி வேண்டும். சென்னை மக்கள் அதை 'டெக்' என்றே அழைத்தார்கள்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டில், 1976இல், ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். முறையில் இயங்கும் டெக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1982இல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நம் நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்தது. அந்தப் பத்தாண்டில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு எங்கும் கேசட் வாடகைக் கடைகள் முளைத்தன. டெக்கையும் டி.வி.யையும் சேர்த்து வாடகைக்கு எடுத்து, அக்கம்பக்கத்தார் கூடி விடிய விடியப் படம் பார்த்தார்கள்.

பின்னர் குறுந்தகடு வந்தது, டெக் பரணேறியது. கடைசிவரை டெக் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. ஆகவே, இருக்கும் டெக்குகளைச் சீர்செய்து ஓட்டினால்தான் அந்தக் கேசட்டுகளைப் பார்க்க முடியும். சீர்செய்வதற்கு முதலில் தேவை திருப்புளியா? இல்லை. டெக் எப்படி வேலை செய்கிறது என்னும் அறிவு!

52 கிலோமீட்டர் நாடா

காந்த நாடாவில் ஒலியைப் பதிவது எளிது. நம் காது கேட்கும் உச்ச அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள்தாம். ஆனால் வி.எச்.எஸ். நாடாவில் படத்தைப் பதியும் மின்குறிகளோ நொடிக்கு 48 இலட்சம் அதிர்வுகள் வரை செல்கின்றன. இவ்வளவு அதிர்வுகளையும் இடித்துக்கொள்ளாமல் எழுத வேண்டுமானால், நாடா ஹெட்டைக் கடந்து மிக வேகமாக ஓட வேண்டும்.

டெக்கினுள் நாடா ஓடும் வேகம் என்ன தெரியுமா? நொடிக்கு 2.34 செ.மீ. மட்டுமே! பாட்டு கேட்கும் ஒலி கேசட்டின் வேகத்தில் இது பாதிதான். பிறகு எப்படிப் படம் பதிவாகிறது?

இங்கேதான் பொறியாளர்களின் நுட்பம் இருக்கிறது. நாடா மெதுவாகப் போகட்டும், ஹெட் வேகமாகச் சுழலட்டும் என்று அமைத்துவிட்டார்கள். டெக்கின் நடுவே பளபளப்பான உருளை ஒன்று சற்றே சாய்ந்து நிற்கும். அதன் விட்டம் 62 மி.மீ. அதன் இரு எதிர்ப்பக்கங்களில் இரு சிறிய ஹெட்டுகள் உண்டு. நம் நாட்டு முறையில் உருளை நொடிக்கு 25 முறை சுழல்கிறது. நீங்களே கணக்கிடுங்கள்: உருளையின் சுற்றளவு 3.14 × 6.2 = 19.47 செ.மீ. இதை 25ஆல் பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 4.87 மீட்டர். நாடாவும் அதே திசையில் மெல்ல நகர்வதால் அந்த வேகத்தைக் கழித்தால் 4.85 மீட்டர் கிடைக்கும்.

இந்த வேகத்தில் நாடாவையே நேராக இழுத்திருந்தால் 3 மணி நேரப் படத்துக்கு 52 கிலோமீட்டர் நாடா வேண்டும். மயிலாப்பூரிலிருந்து மாமல்லபுரம் வரை ஏறத்தாழ இவ்வளவு தூரம்தான்! சுழலும் ஹெட்டினால் சுமார் 250 மீட்டர் நாடாவே போதுமானதாயிற்று.

ஹெட் ஒவ்வொரு முறை நாடாவைக் கடக்கும்போதும் ஒரு சாய்ந்த கோடு பதிவாகும். நொடிக்கு 50 கோடுகள். ஒவ்வொன்றின் அகலமும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஒலியோ நாடாவின் மேல் விளிம்பில், சுழலாத வேறொரு ஹெட்டினால் நேர்க்கோடாகப் பதிவாகிறது. படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனிப் பாதை என்பதை நினைவில் வையுங்கள். பழுதைக் கண்டுபிடிக்க இதுவே திறவுகோல்.

ஒலி உண்டு, படம் இல்லை

பேச்சு தெளிவாகக் கேட்கிறது. திரையிலோ கொசு மொய்ப்பது போல் வெள்ளைப் புள்ளிகள். என்ன பழுது? ஒலி வருவதால் மின்சாரம் வருகிறது, மோட்டார் சுழல்கிறது, நாடா சரியான வேகத்தில் ஓடுகிறது. ஒரே குறியிலிருந்து மூன்று சந்தேகங்கள் நீங்கிவிட்டன! எஞ்சுவது சுழலும் ஹெட்தான். (ஒலியையும் சுழலும் ஹெட்டினால் பதியும் ஹை-ஃபை டெக்குகள் மட்டும் இதற்கு விலக்கு.)

ஹெட்டில் உள்ள இடைவெளி சுமார் 0.3 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பகுதி ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். அப்படியானால் பழைய நாடாவிலிருந்து உதிர்ந்த கண்ணுக்குத் தெரியாத துகள்கூட அந்த இடைவெளியை அடைத்துவிடும் அல்லவா?

இதைத் துடைக்க வழி உண்டு. மின் இணைப்பைப் பிடுங்கிய பின், நூல் பிரியாத மெல்லிய தோல் துண்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து உருளையின் பக்கவாட்டில் அசையாமல் பிடிக்க வேண்டும். மறு கையால் உருளையின் மேற்பகுதியை மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முறிந்துவிடும். பஞ்சு சுற்றிய குச்சியும் ஆகாது. பஞ்சிழை ஹெட்டில் மாட்டி அதைப் பெயர்த்துவிடும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். அருகில் நெருப்பு கூடாது; நன்கு உலர்ந்த பின்பே டெக்கை ஓட்ட வேண்டும்.

ஓடி ஓடி நிற்கிறது

கேசட் உள்ளே போகிறது. சில நொடிகள் படம் தெரிகிறது. உடனே டெக் தானே நின்றுவிடுகிறது. மூளையாகிய மின்சுற்று கெட்டுவிட்டது என்று பலரும் எண்ணுவர். உண்மையில் மூளை சரியாக வேலை செய்வதால்தான் டெக் நிற்கிறது!

நாடாவைச் சுருட்டும் சக்கரம் சுழல்கிறதா என்று ஓர் உணரி இடைவிடாமல் கண்காணிக்கிறது. சக்கரம் நின்றால், ஓடிவரும் நாடா சுருட்டப்படாமல் உள்ளே குவிந்து கசங்கும். 'டெக் நாடாவைத் தின்றுவிட்டது' என்று சொல்வது இதைத்தான். அதைத் தவிர்க்கவே டெக் தன்னை நிறுத்திக்கொள்கிறது.

சக்கரம் ஏன் நின்றது? பெரும்பாலும் ஒரு ரப்பர் பெல்ட்டோ, சிறு ரப்பர்ச் சக்கரமோதான் காரணம். பல ஆண்டு வெப்பத்தில் ரப்பர் இறுகும், வழுக்கும் அல்லது பிசுபிசுத்துவிடும். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு மின்னணு உதிரிப் பாகங்களுக்குப் பேர்போனது. அங்கே பெல்ட் தேடப் போகிறவர் பழைய பெல்ட்டின் அளவிலேயே வாங்கக் கூடாது. பழையது நீண்டுபோயிருக்கும், சற்றுச் சிறியதே சரியாக இறுகும்.

மூடியைத் திறந்தால் முரண்டு

பழுது பார்க்கத் தொடங்குவோரைத் திகைக்க வைக்கும் செய்தி ஒன்று. டெக்கின் மேல்மூடியைக் கழற்றி வெளிச்சமான இடத்தில் வைத்தால் கேசட்டை ஓட்ட மறுக்கும். ஏன்?

நாடாவின் இரு முனைகளிலும் ஒளி ஊடுருவும் துண்டு இருக்கிறது. கேசட்டின் நடுவே ஒரு விளக்கு. இரு பக்கமும் ஒளி உணரிகள். முனைத்துண்டின் வழியே ஒளி வந்தால் 'நாடா முடிந்தது' என்று டெக் புரிந்துகொள்ளும். மூடியில்லாதபோது வெயிலே உணரியில் பட்டு டெக்கை ஏமாற்றிவிடுகிறது! உணரிகளுக்கு நிழல் தந்தால் ஏமாற்றம் தீரும். புதிதாகத் தோன்றும் 'பழுது' நாம் செய்த மாற்றத்தின் விளைவாகவும் இருக்கலாம். அதனால்தான் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

கடற்காற்றும் பூஞ்சையும்

சென்னையின் ஈரக்காற்று நாடாவுக்குப் பகை. கேசட்டின் கண்ணாடிச் சாளரம் வழியே சுருளைப் பாருங்கள். வெண்பொடி படர்ந்திருந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால் ஹெட் அடைபடும்; அடுத்து ஓடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். அந்தத் தூசியைச் சுவாசிப்பதும் நல்லதன்று. அதை உறையிலிட்டு, நாடா துப்புரவில் தேர்ந்தவரிடம் ஒப்படையுங்கள்.

மறக்கக் கூடாதவை

மின் இணைப்பு உள்ளபோது மூடியைத் திறக்காதீர்கள். நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தின் உச்ச மதிப்பு 325 வோல்ட். பல டெக்குகளின் மின்வழங்கிப் பகுதியில் உள்ள மின்தேக்கி இணைப்பைப் பிடுங்கிய பிறகும் இந்த அழுத்தத்தைச் சேமித்து வைத்திருக்கலாம். அப்பகுதியைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். மற்ற வேலைகளையும் பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போதே செய்யுங்கள்.

பரணிலிருந்து இறக்கிய டெக்கில் கல்யாணக் கேசட்டை முதலில் போடாதீர்கள். போனால் போகட்டும் என்னும் ஒரு பழைய படக் கேசட்டை அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அது கசங்காமல் வெளிவந்தால் பிறகு யோசிக்கலாம். கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் தாழை உடைத்துவிட்டால், தவறுதலாகக்கூட அதன்மேல் வேறெதுவும் பதிவாகாது.

2025க்குள் கணினிக்கு மாற்றப்படாத காந்த நாடாப் பதிவுகளில் பெரும்பாலானவை அழிந்துபோகும் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலிக் காப்பகம் 2015இல் எச்சரித்தது. நாடா நலிவது ஒரு காரணம். டெக்கும் அதைச் சீர்செய்யத் தெரிந்தவர்களும் அருகி வருவது மற்றொன்று. ஆகவே, டெக் ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாகக் கேசட்டைக் கணினியில் பிரதி எடுத்துவிடுங்கள்.

செய்து பாருங்கள்

தேவை: ஒரு டம்ளர், 1.25 செ.மீ. அகலமுள்ள காகித நாடா, பசை நாடா, பென்சில், சில புத்தகங்கள்.

காகித நாடாவை டம்ளரின் பாதிச் சுற்றளவுக்குச் சற்றே சாய்வாகச் சுற்றி ஒட்டுங்கள். புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மேல் பென்சிலை அசையாமல் பிடித்து, அதன் முனை நாடாவைத் தொடுமாறு டம்ளரைச் சுழற்றுங்கள். இப்போது நாடாவைப் பிரித்து நேராக விரியுங்கள். டம்ளரில் கிடைமட்டமாக இருந்த கோடு நாடாவில் எப்படி இருக்கிறது? அதன் நீளத்தை நாடாவின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். டெக்கின் இரகசியம் உங்கள் கையில்!