டயரின் அளவும் மாற்றீடும்

மோட்டார் வண்டியின் பாரம் முழுவதையும் தாங்கி நிலத்தைத் தொடும் உறுப்பு டயரேயாகும். அதன் பக்கச் சுவரிற் பொறிக்கப்பட்டுள்ள இலக்கங்களோ பலருக்கு விளங்காக் குறிகளாகவே இருந்துவிடுகின்றன. தேய்ந்த டயரை மாற்றுங்கால், அதே அளவு கிடையாதவிடத்து எதனைக் கொள்ளலாம் எனத் துணிதற்கு அவற்றின் பொருளை அறிதல் இன்றியமையாதது.

175/70 ஆர் 13 என்னும் அளவை நோக்குவோம். 175 என்பது டயரின் அகலம், இது மில்லிமீற்றரிலானது. 70 என்பது நீளமன்று, வீதம். பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 70 பங்கு என்பதே அதன் கருத்து. 13 என்பது டயர் பொருந்தும் றிம்மின் விட்டம், இது அங்குலத்திலானது. ஆர் என்னும் எழுத்து, உள்ளிழைகள் ஆரைவழி அமைந்தமையைக் குறிக்கும்.

இனி மொத்த விட்டத்தைக் காண்போம். பக்கச் சுவரின் உயரம் 122.5 மி.மீ.; றிம்மின் மேலும் கீழும் அது வருதலின் 245 மி.மீ. பதின்மூன்று அங்குலத்தை 25.4 ஆற் பெருக்க 330.2 மி.மீ. இவற்றின் கூட்டுத்தொகை 575.2 மி.மீ.

மாற்றீட்டில் மாறாது காக்கவேண்டியது இவ்விட்டமே. றிம்மையும் 14 அங்குலமாக மாற்றுவோர் 185/60 ஆர் 14 டயரைக் கொள்ளலாம். அதன் விட்டம் 577.6 மி.மீ. ஆதலின் வேறுபாடு நூற்றுக்கு அரைப் பங்கும் இல்லை. 185/70 ஆர் 14 டயரின் விட்டமோ 614.6 மி.மீ.; இது ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு மிகை. வேகமானி சில்லின் சுழற்சியைக் கொண்டே வேகத்தைக் கணிப்பது. முன்பு சரியாகக் காட்டிய வேகமானி இப்பொழுது 60 எனக் காட்டுகையில், வண்டி 64 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். சாரதி அதனை அறியான். வளைவுகளில் டயர் மட்காப்பில் உரசவுங் கூடும்.

பழைய வண்டிகளின் 5.60-13 போன்ற அளவுகளில் அகலமும் அங்குலத்திலேயே உள்ளது. பக்கச் சுவரின் உயரம் அகலத்திற் சிறிதே குறைந்ததாதலின் வீதம் குறிக்கப்படவில்லை. 5.60 அங்குலம் 142 மி.மீ. எனக் கண்டு 145/80 ஆர் 13 டயரை வாங்குதல் பிழையாகும். பழையதன் விட்டம் ஏறத்தாழ 600 மி.மீ.; இதன் விட்டமோ 562.2 மி.மீ. மட்டுமே. 165/80 ஆர் 13 டயரே 594.2 மி.மீ. விட்டத்துடன் அதனை நெருங்குவது.

விட்டம் ஒத்தாலும் பாரக் குறியை நோக்காது விடலாகாது. 82 எஸ் எனின், அந்த டயர் ஒன்று 475 கிலோகிராம் பாரத்தையும் மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தையும் தாங்கவல்லது என்பது பொருள். புதியதன் குறி வண்டிக்கு விதிக்கப்பட்டதிலுங் குறைதல் ஆகாது.

இக்கணக்கிற்கு வேண்டுவது பெருக்கலும் கூட்டலுமே. உயிரும் உடைமையும் அதனைப் பொறுத்திருத்தலின், வாங்குமுன் ஒரு துண்டுக் கடதாசியில் அதனைச் செய்து பார்த்தல் நலம்.