பச்சை விளக்கு சொல்லாத பழுது

கணினியில் ஈதர்நெட் கேபிளைச் செருகும் இடத்தில் ஒளிரும் சிறு பச்சை விளக்கு, இரு முனைகளிலும் உள்ள கருவிகள் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. தரவு பிழையின்றிப் போய்ச் சேர்கிறதா, உரிய வேகத்தில் செல்கிறதா என்பவை பற்றி அது எதுவும் கூறுவதில்லை. முற்றிலும் அறுந்த கேபிளைக் கண்டுபிடிப்பது எளிது. அரைகுறையாகப் பழுதான கேபிளே அலைக்கழிக்கிறது. ஏனெனில், இயன்ற வரையில் இணைப்பைக் காப்பாற்றிக்கொள்ளும் வகையிலேயே ஈதர்நெட் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

கேபிளின் மேலுறையை உரித்தால் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்னும் நிறங்களில், இரண்டிரண்டாக முறுக்கப்பட்ட நான்கு இணைகள், அதாவது எட்டுக் கம்பிகள் தெரியும். ஓர் இணையின் இரு கம்பிகளிலும் ஒரே சைகை எதிரெதிரான மின்னழுத்தங்களாக அனுப்பப்பட, பெறும் முனை அவற்றின் வேறுபாட்டை மட்டும் கணக்கில் கொள்கிறது. கம்பிகள் முறுக்கப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் படிந்து, அந்தக் கழித்தலில் மறைந்துவிடுகிறது. தொலைபேசிக் கம்பிகளுக்காக அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்ற இந்த உத்தியே இன்றைய கேபிளுக்கும் உயிர்நாடி.

இதை உணராமல் செய்யும் கிரிம்பிங்கில், அதாவது பிளக்கைக் கம்பிகளோடு அழுத்திப் பொருத்தும் வேலையில், ஒரு நுட்பமான பிழை நேர்கிறது. தர விதிப்படி ஓர் இணை 1, 2 ஆகிய முனைகளுக்கும், மற்றோர் இணை 3, 6 ஆகிய முனைகளுக்கும் செல்ல வேண்டும். பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று நிறங்களை 1-2, 3-4, 5-6, 7-8 என வரிசையாக அடுக்கி, இரு பக்கமும் அப்படியே பொருத்திவிட்டால், மலிவான டெஸ்டரில் எட்டு விளக்குகளும் வரிசை தவறாமல் எரியும். ஆனால் 3-ஆம் முனையின் கம்பியும் 6-ஆம் முனையின் கம்பியும் வெவ்வேறு முறுக்குகளில் இருப்பதால் இரைச்சல் கழிவதில்லை, பக்கத்து இணையின் சைகையும் உள்ளே கசிகிறது. குறுகிய கேபிளில் இது வெளியே தெரியாமலும் போகலாம். நீளம் கூடக் கூடத் தொல்லை தலைதூக்கும்.

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு இணைகள் போதும். 1999-இல் தரப்படுத்தப்பட்ட ஜிகாபிட் ஈதர்நெட்டோ நான்கு இணைகளையும் பயன்படுத்தி, ஒவ்வொன்றிலும் 250 மெகாபிட் வீதம் அனுப்புகிறது. எந்த வேகத்தில் இயங்குவது என்று இரு கருவிகளும் தமக்குள் முடிவுசெய்யும் தன்னியக்கப் பேச்சு ஆரஞ்சு, பச்சை இணைகளில் மட்டுமே நடப்பதால், நீலக் கம்பி அறுந்திருந்தாலும் இரண்டும் ஜிகாபிட்டுக்கு உடன்பட்டுவிடுகின்றன. அதன் பிறகே இணைப்பு தடுமாறுகிறது. சில நெட்வொர்க் கார்டுகள் சில முயற்சிகளுக்குப் பின் தாமாகவே 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். அந்த வசதியில்லாத கார்டுகளில் இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும். ஒரே கேபிள் ஒரு கணினியில் மந்தமாக வேலைசெய்து, மற்றொன்றில் வேலையே செய்யாமல் போவதற்கும், குற்றமற்ற கார்டின் மீது பழி விழுவதற்கும் இது முக்கியக் காரணம்.

செம்புக்குப் பதிலாகச் செம்பு பூசிய அலுமினியக் கம்பியில் செய்த கேபிள்கள் 'கேட் 6' என்ற முத்திரையோடு விற்கப்படுவது வாங்குபவரை ஏமாற்றும் செயலே. தர விதிகள் முழுச் செம்பையே கோருகின்றன. அலுமினியத்தின் மின்தடை அதிகம், வளைத்தால் எளிதில் முறியும். சுவருக்குள் புதைக்கும் கேபிளில் இந்தச் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

கார்டின் பக்கமும் உண்மையான பொருத்தக் குறைகள் உண்டு. 10 ஜிகாபிட் வேகத்தைச் செம்புக் கேபிளில் தரும் தரம் 2006-இல் வந்தது, 2.5 ஜிகாபிட்டுக்கான தரம் வெளியானது 2016-இல்தான். ஆகவே பழைய 10 ஜிகாபிட் கார்டை 2.5 ஜிகாபிட் சுவிட்சில் இணைத்தால், இடைப்பட்ட வேகத்தை அறியாத அந்தக் கார்டு 1 ஜிகாபிட்டிலேயே நின்றுவிடும். ஒரு முனையை '100 மெகாபிட், இருவழி' என்று கையால் நிலைநிறுத்தி, மறுமுனையைத் தன்னியக்கத்தில் விடுவது இன்னொரு பிழை. மறுமுனை வேகத்தைச் சரியாகக் கண்டுகொண்டாலும், பேச்சுக்கு விடை வராததால் ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் அனுப்பும் முறைக்கு மாறிக்கொள்கிறது. பிங் சோதனை குறையின்றி ஓடும், பெரிய கோப்பை நகலெடுக்கும்போது வேகம் சரிந்துவிடும்.

எனவே பழுது தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது ஒப்புக்கொள்ளப்பட்ட வேகத்தை. விண்டோஸில் இணைப்பின் நிலையைக் காட்டும் சாளரத்திலும், லினக்ஸில் எத்டூல் கட்டளையிலும் அது தெரியும். அடுத்தது பிழைக் கணக்கு. ஒவ்வொரு தரவுச் சட்டகத்தின் இறுதியிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கிறது. அது பொருந்தாவிட்டால் பெறும் கார்டு அச்சட்டகத்தை ஓசையின்றிக் கைவிட்டு, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக்கொள்கிறது. தரவை அனுப்பிக்கொண்டிருக்கையில் இந்த எண்ணிக்கை ஏறினால், நல்லதென்று தெரிந்த கேபிளை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் ஏறினால் சுவிட்சின் வேறொரு துளையில் செருகிப் பார்த்து, டிரைவர் மென்பொருளையும் கார்டையும் அதற்குப் பிறகே தொட வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் பழுது நீங்கினாலும், குப்பைக்குப் போக வேண்டிய கேபிள் மீண்டும் மேசை இழுப்பறைக்கே திரும்பிவிடும்.