காற்றெடுத்த பிறகு கெட்ட பிரேக்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டில் அப்பா காலத்து மோரிஸ் மைனர் நிற்கிறது, இன்றும் ஓடுகிறது. பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்ததால் மெக்கானிக் அங்கே வீல் சிலிண்டரை மாற்றி, குழாய்க்குள் புகுந்த காற்றை எடுத்துக் கொடுத்தாராம். அதுவரை ஒழுங்காக இருந்த பெடல், அதற்குப் பிறகு மிதித்தபடி நின்றால் மெல்ல மெல்லக் கீழே போகிறது. இரண்டு தடவை அடித்தால் மேலே வருகிறது. வெளியே ஒரு சொட்டுக் கசிவில்லை, ஆயில் மட்டமும் குறையவில்லை. இப்போது மாஸ்டர் சிலிண்டரையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா என்பது கேள்வி.

நம்பலாம். மெக்கானிக் சொல்வது சரி. கெடுத்ததும் அநேகமாக அவர்தான், ஆனால் அவரைத் திட்டுவதற்கு முன் அந்த சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பாஸ்கல் விதியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், அதை விட்டுவிடலாம். பாஸ்கல் சொல்லாத சிக்கல் ஒன்று உண்டு. மிதிக்கும்போது பிரேக் ஆயில் இறுக மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் ஏறாது. காலை எடுத்ததும் அதே ஆயில் திறந்திருக்க வேண்டும். சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் வேண்டும். பிரேக் ஷூ தேயத் தேயக் கூடுதல் ஆயில் உள்ளே வரவும் வேண்டும். ஆக, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு கதவு மூடித் திறக்க வேண்டும். மைனரின் மாஸ்டர் சிலிண்டரில் அந்தக் கதவு, பெடல் தள்ளும் பிஸ்டனுக்கு முன்னால் உள்ள ஒரு ரப்பர் கப்பும் இரண்டு துளைகளும்தான்.

ஆயில் தொட்டியின் அடியில், சிலிண்டருக்குள் இறங்கும்படி அந்த இரண்டு துளைகளும் இருக்கின்றன. ஒன்று பெரிது, மற்றது குண்டூசி நுழையுமா என்று யோசிக்க வைக்கும் அளவுக்குச் சின்னது. கால் வைக்காதபோது கப்பின் விளிம்பு அந்தச் சின்னத் துளைக்கு மயிரிழை பின்னால் நிற்கும். கதவு திறந்திருக்கிறது. மிதித்தவுடன் விளிம்பு துளையைத் தாண்டிவிடும். அந்த நொடியிலிருந்து முன்னால் உள்ள ஆயிலுக்குச் சக்கரத்தைத் தவிர வேறு வழியில்லை.

எனக்குப் பிடித்த இடம் காலை எடுக்கும்போது வருகிறது. ஸ்பிரிங் பிஸ்டனைச் சட்டென்று பின்னால் தள்ளும். சக்கரங்களிலிருந்து ஆயில் மெல்லிய குழாய்கள் வழியே அவ்வளவு வேகமாகத் திரும்பி வர முடியாது. முன்னால் வெற்றிடம் விழுந்து, எங்காவது காற்றை இழுத்திருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. பெரிய துளை வழியாகப் பிஸ்டனின் இடுப்பைச் சுற்றி எப்போதும் ஆயில் நிற்கிறது. அது பிஸ்டன் தலையிலுள்ள சிறு ஓட்டைகள் வழியாக வந்து, கப்பின் விளிம்பை உள்பக்கமாக மடக்கிக்கொண்டு முன்னால் பாய்கிறது. சக்கரத்து ஆயில் நிதானமாக வந்து சேரும்போது, அதிகப்படியானது சின்னத் துளை வழியே தொட்டிக்கு ஏறிவிடும். ‘இரண்டு தடவை அடித்தால் மேலே வருகிறது’ என்பதன் விளக்கமும் இதுவே: ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கூடுதல் ஆயில் முன்னால் போய்விடுகிறது.

பழைய சைக்கிள் பம்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கப்பைத் தெரிந்திருக்கும். அதிலுள்ள தோல் வாஷர் அச்சாக இதே ஆள். தள்ளும்போது காற்று அதன் விளிம்பை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு இறுகும். இழுக்கும்போது விளிம்பு தளர்ந்து, காற்று ஓரமாக நழுவி முன்னால் வரும். காய்ந்துபோன வாஷரை வைத்து எத்தனை முறை அடித்தாலும் டயர் ஏறாததும், கை மட்டும் ‘புஸ்’ என்று இறங்குவதும் வாசகரின் பெடல் கதைதான். இன்னும் ஒரு படி போகிறேன்: பம்பைத் தினமும் பாதி வரை மட்டும் அடிக்கும் வீட்டில், குழலின் மறுபாதி துருப்பிடித்துக் கிடக்கும். ஒரு நாள் முழு நீளத்துக்கு அடித்தால் வாஷர் கிழியும். காய்ந்த தோலுக்கு எண்ணெய் விட்டால் உயிர் வரும் என்பதோடு ஒப்புமையை நிறுத்திக்கொள்ள வேண்டும். பிரேக் கப்பில் இன்ஜின் ஆயிலோ சாதா கிரீஸோ பட்டால் ரப்பர் ஊதிப் பாழாகும். புதிய கப்பை பிரேக் ஆயிலில் நனைத்துத்தான் மாட்ட வேண்டும்.

அந்தப் பாதிக் குழல்தான் வாசகருக்கான பதில். அன்றாட ஓட்டத்தில் பெடல் ஆழமாகப் போவதில்லை. கப் சிலிண்டரின் ஒரு துண்டில் மட்டும் போய்வந்து அதைப் பளபளப்பாக்கியிருக்கும். அதற்கு அப்பால் பல வருடத் துருவும் அழுக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் குணமுடையது. வார்ப்பிரும்பு சிலிண்டருக்கு அந்த ஈரம் போதும். காற்றெடுக்கும் அன்று, “அடி தம்பி, அடி... பிடிச்சுக்கொள்” என்று மெக்கானிக் சொல்ல, பெடல் முதன்முறையாகத் தரை வரை போகிறது. மென்மையான விளிம்பு துருவின் மேல் உரசிக் கீறுகிறது. அழுத்தத்தில் உள்ள ஆயில் கீறல் வழியே பின்னால் கசிந்து தொட்டிக்கே திரும்புகிறது. வெளியே சொட்டு விழாததும் மட்டம் குறையாததும் அதனால்தான். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்துவிட்டுக் காற்றெடுத்திருந்தால் தப்பியிருக்கலாம்.

வரலாறு வேண்டுமென்றால் சுருக்கமாக: ஹைட்ராலிக் பிரேக்கை வளர்த்தவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். 1921இன் டியூசன்பெர்க் மாடல் ஏ நான்கு சக்கரத்திலும் அதைப் பொருத்தியது. 1924இல் கிரைஸ்லர் அதை நடுத்தர வீட்டுக்குக் கொண்டுவந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் வந்து, சுமார் 16 லட்சம் விற்றது. போதும்.

அந்த இசிகோனிஸ் மாஸ்டர் சிலிண்டரை வைத்த இடத்துக்குப் பாராட்டுக் கிடையாது. ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே, சேஸிஸ் கட்டைக்குள் அது ஒளிந்திருக்கிறது. ஆயில் ஊற்றக் கார்ப்பெட்டைத் தூக்க வேண்டும். செருப்பு மண் முழுக்க மூடியைச் சுற்றிக் காத்திருக்கும், குண்டூசித் துளைக்கு நேர் மேலே. கழற்றப் போனால் இன்னொரு வேடிக்கை. முன்சக்கரத்தின் டார்ஷன் பார் அந்தக் கட்டையை ஒட்டியே ஓடுவதால், சிலிண்டரின் போல்ட்கள் பாதி வந்து அதில் முட்டி நிற்கும். பாரை விலக்காமல் வேலையில்லை. விவரமானவர்கள் திரும்ப மாட்டும்போது போல்ட்டைத் தலைகீழாகப் போடுகிறார்கள், அடுத்த முறை வருபவருக்காக.

கழற்றியதும் துருவை உரசிவிட்டு ரிப்பேர் கிட் மட்டும் போடலாம் என்பார்கள். குழி விழுந்த சுவரில் புதுக் கப் போடுவது வீண். சிலிண்டரையே மாற்றுங்கள், அல்லது உள்ளே எஃகுக் குழல் இறக்கச் சொல்லுங்கள். இந்தக் காரில் பிரேக் சுற்று ஒன்றே ஒன்று. அது போனால் மிச்சம் கைபிரேக்.

பிறகு கடைக்காரர் ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று டாட் 5 சிலிக்கான் ஆயிலை நீட்டுவார். அது ஈரத்தைக் குடிக்காது, பெயின்ட்டை உரிக்காது, இரண்டும் உண்மை. ஆனால் உள்ளே வந்த நீர் கரையாமல் துளியாகச் சேர்ந்து, இருப்பதிலேயே தாழ்ந்த இடத்தில் போய் உட்காரும். அந்த ஆயில் நுண்குமிழ்களையும் பிடித்துவைத்துப் பெடலைப் பஞ்சாக்கும். பழைய ஆயிலோடு கலக்கவும் கூடாது. சாதாரண டாட் 4, புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155. இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றினால் விஷயம் முடிந்தது. ‘இனி எல்லாம் மின்சார பிரேக்’ என்ற விளம்பரத்துக்கும் அவசரப்பட வேண்டாம். பல மின்கார்களில் மோட்டார் போய்த் தள்ளுவது, இன்னமும், ஒரு மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத்தான்.

மாட்டும்போது ஒரு சோதனை. பெடலிலிருந்து வரும் தள்ளுதண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே நூலிடை இடைவெளி இருக்கட்டும். இல்லையென்றால் கப் சின்னத் துளையைத் தாண்டியே நிற்கும். ஓட ஓட ஆயில் விரிந்து, போக வழியின்றி, கார் தன்னைத்தானே பிரேக் பிடித்துக்கொள்ளும். துளை திறந்திருக்கிறதா என்று அறிய டார்ச் அடித்துத் தொட்டிக்குள் பார்த்தபடி, ஒருவரை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். மிதியின் தொடக்கத்தில் ஆயில் ஊசிபோல மேலே பீய்ச்சினால் சரி. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.