காணாமற்போனோரைத் தேடிய மென்பொருள்

மென்பொருள் பற்றிப் பேசத் தொடங்கியதுமே புரியாத சொற்கள் வந்து குவிகின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை அடுத்து இலங்கைத் தொண்டர்கள் உருவாக்கிய ‘சஹானா’வைக் கொண்டு அவற்றுட் சிலவற்றை விளங்கிக்கொள்ளலாம். நிவாரணம் என்பதற்கான சிங்களச் சொல்லே அதன் பெயராயிற்று.

முகாம்கள், உதவிப் பொருட்கள், காணாமற்போனோர் பற்றிய விபரங்களை ஒழுங்குபடுத்தி வைக்குமிடம் தரவுத்தளம். அவற்றைத் தேடவும் காட்டவும் கணினிக்கு இடப்படும் கட்டளைத் தொடரே செய்நிரல்.

ஒரு பிரச்சினையைத் தீர்க்கும் படிகளின் ஒழுங்கை நெறிமுறை என்பர். அதன் அருமை பெயர்களைத் தேடும்போதே தெரியும். முஹம்மத் என்ற பெயரை ஆங்கிலத்தில் குடும்பத்தார் ஒருவிதமாக எழுதுவர். முகாமில் பதிந்தவர் வேறுவிதமாக எழுதியிருப்பார். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினி ‘இல்லை’ என்றுவிடும். மகனைத் தேடிவந்த தாய்க்கு அது எத்தகைய விடை! இதற்கு உதவும் நெறிமுறைகளுள் ஒன்று ‘சவுண்டெக்ஸ்’. முதலெழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை நீக்கி, ஒலியால் நெருங்கிய மெய்யெழுத்துகளுக்கு ஒரே இலக்கத்தை அது வழங்குகிறது. மொஹமட், முஹம்மத் இரண்டுமே ‘எம்530’ ஆகிவிடுகின்றன. தொடர்பற்ற பெயர்களும் கூடவே வரலாம். சரிபார்க்க வேண்டியவர் மனிதரே. இதன் ஆதி வடிவம் 1918 இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. நெறிமுறைக்குக் கணினி கட்டாயமன்று.

மனிதர் வாசிக்கத்தக்க வடிவிலுள்ள செய்நிரல் மூலநிரல் எனப்படும். சஹானாவின் மூலநிரலை எவரும் பெற்றுத் தம் தேவைக்கேற்பத் திருத்தலாம். 2005 நிலநடுக்கத்தின்போது பாகிஸ்தானிலும் அது பயன்பட்டது.