மேல்மலையில் பெய்யும் மழை

திருப்பூர், பல்லடம் பக்கத்துக் குடும்பங்கள் வேன் பிடித்து மலையேறும் பாதைகளில் உடுமலை–மூணாறு சாலை முக்கியமானது. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு சோதனைச்சாவடிக்கு ஏறக்குறைய 28 கி.மீ., அங்கிருந்து மறையூருக்கு 16 கி.மீ., மறையூரிலிருந்து மூணாறுக்கு 40 கி.மீ. இந்தப் பாதையின் அடிவாரத்தில் இருப்பது அமராவதி நகர். 1957-இல் கட்டி முடிக்கப்பட்ட அமராவதி அணையும், 1962-இல் தொடங்கப்பட்ட சைனிக் பள்ளியும், முதலைப் பண்ணையும் உள்ள ஊர். மலைக்குப் போகிறவர்கள் பலர் அணைப் பூங்காவில் இறங்கி, கட்டுச்சோற்றைப் பிரித்து, பொரித்த அணை மீனை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் மேலே ஏறுகிறார்கள்.

ஒரு தலைமுறைக்கு முன்பு இப்பயணத்தில் இரவுத் தங்கல் என்றால் கோயில் மண்டபம் அல்லது லாட்ஜ். இப்போது கூடாரமும் சேர்ந்துகொண்டது. காந்தளூர், மறையூர், வட்டவடை பக்கம் தோட்டத்துக்குள் கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். ஆன்லைனில் கூடாரம் வாங்கி, கேஸ் அடுப்பும் தார்ப்பாயும் வேனில் ஏற்றிக்கொண்டு வரும் குடும்பங்களும் உண்டு. அப்படி வருகிறவர்கள் முதலில் அறிய வேண்டியது, அணைக்கரையிலோ சாலையோரக் காட்டிலோ கூடாரம் அடிக்க முடியாது என்பது. அணையைச் சுற்றியுள்ள காடு ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. இரவில் யானைகள் நீர் குடிக்க இறங்கும். நீர்த்தேக்கத்தில் முதலைகள் இயற்கையாகவே வாழ்கின்றன. சின்னாறு சரணாலயத்துக்குள் தங்க விரும்புவோருக்குக் கேரள வனத்துறையே மரவீடு, மரக்குடில்களை ஏற்பாடு செய்து தருகிறது.

பனியன் கம்பெனிக் குடும்பங்களுக்கு விடுமுறை நினைத்தபோது கிடைப்பதில்லை. நீண்ட விடுப்பு, போனஸ் கையில் வரும் தீபாவளியை ஒட்டிக் கிடைக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக்கு விடுமுறை மே மாதத்தில். ஒருநாள் பயணத்துக்கு ஆடிப்பெருக்கு. மூன்றுமே மலையில் வானிலை கெடும் காலங்கள். மே மாதத்தில் மாலை நேர இடியும் கோடை மழையும். ஆடியில் தென்மேற்குப் பருவமழை உச்சத்தில். தீபாவளி வரும் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. பொங்கல் விடுமுறை ஒன்றுதான் பெரும்பாலும் மழைத் தொல்லை இல்லாமல் அமைகிறது. அதைத் தாண்டி பிப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளினால் வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்று இரவிகுளம் தேசியப் பூங்கா மூடப்பட்டிருக்கும். ஆகவே மழைக்காலத்தில் போவதைத் தவறென்று சொல்லிப் பயனில்லை. போகிறவர்களுக்கு இந்த மலையின் மழை எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அந்த இயக்கம் சற்று விசித்திரமானது. தென்மேற்குக் காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து மூணாறின் மேற்குச் சரிவுகளில் மோதி மேலெழும்பிக் கொட்டிவிடுகிறது. 2,695 மீட்டர் உயர ஆனைமுடியையும் அதை ஒட்டிய முகடுகளையும் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அது வறண்ட காற்று. அதனால்தான் சின்னாறு கேரளத்தில் இருந்தும் முட்புதர்க் காடாக இருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 500 மி.மீ. அளவுதான். 2020 ஆகஸ்ட் 6 அன்று, அங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலுள்ள பெட்டிமுடியில் ஒரே நாளில் 600 மி.மீ.-க்கு மேல் கொட்டியது. அன்றிரவு சரிந்த மலை, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை மூடியது. 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கீழே நிற்பவருக்கு வெயில் அடித்துக்கொண்டிருக்கும் நாளில், மேலே இப்படி ஒரு மழை பெய்துகொண்டிருக்க முடியும்.

அந்த மழையைக் கீழே கொண்டுவருவது ஆறு. ஆனைமுடிப் பக்கத்துச் சரிவுகளில் பிறக்கும் பாம்பாறு, மறையூர் வழியாகக் கிழக்கே ஓடிச் சின்னாற்றைச் சேர்த்துக்கொண்டு அமராவதி அணைக்கு வருகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் திருப்பூரில் ஒரு சொட்டு விழாமலே அணைக்கு நீர்வரத்து கூடுவது இதனால்தான். அணையின் முழு உயரம் 90 அடி. நிரம்பும் நிலைக்கு வந்துவிட்டால் உபரி நீர் ஆற்றில் திறக்கப்படும். கரையோரம் இருப்போருக்கு வெள்ள எச்சரிக்கை விடப்படும். மழைக்காலத்தில் தளிஞ்சி மலைக்கிராம மக்கள் கூட்டாற்றைக் கடக்க முடியாமல் கரையில் நிற்பது உடுமலைப் பகுதியில் எல்லோரும் அறிந்த துயரம். ஆற்றோடு பிறந்து வளர்ந்தவர்களே காத்திருக்கும் இடத்தில், வெளியூர்க்காரர் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குவது கண்டிப்பாகக் கூடாத செயல்.

திருமூர்த்தி மலையிலும் இதே கதைதான். குருமலை, குழிப்பட்டிப் பக்கம் மழை பெய்தால் சிறிது நேரத்தில் பஞ்சலிங்க அருவியில் வெள்ளம் இறங்கி, அடிவாரத்தில் அமணலிங்கேசுவரர் கோயிலைச் சூழ்ந்துகொள்ளும். வெள்ளம் வருவதற்கு முன் சில நேரம் அடையாளம் தெரியும். தெளிந்த நீர் செம்மண் நிறத்துக்கு மாறும். காய்ந்த இலையும் சுள்ளியும் கொத்துக்கொத்தாக மிதந்து வரும். அருவியின் ஓசை கனக்கும். ஓடை திடீரென்று வற்றுவது இன்னும் மோசமான குறி. மேலே எங்கோ மண்ணோ மரமோ அடைத்து நீர் தேங்குகிறது, உடைத்துக்கொண்டு வரப்போகிறது என்று பொருள். இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் பாத்திரம் பண்டத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். அருவிக் காவலர்கள் குளிப்பவர்களை வெளியேறச் சொன்னால் அதில் பேரம் பேச இடமே இல்லை.

இப்பாதையில் பயணங்கள் ஒட்டுமொத்தமாகக் குலைந்த ஆண்டு 2018. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, 2006-க்குப் பிறகு அந்த ஆண்டுதான் இராஜமலையில் பூக்க இருந்தது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கூட்டம் குவியும் என்று மூணாறு தயாராகிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் மழை கொட்டத் தொடங்கியது. சாலைகளில் மண் சரிந்தது. பள்ளிவாசல் அருகே ஒரு விடுதியில் வெளிநாட்டவர் உட்பட 50-க்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கி, இராணுவத்தின் உதவியோடு வெளியே வந்தார்கள். இடுக்கி மாவட்டத்துக்குச் சுற்றுலா வண்டிகள் வரத் தடை போடப்பட்டது. மூணாறுக்குச் சற்று முன்னால், உடுமலைச் சாலையிலுள்ள பெரியவாரைப் பாலம் இடிந்தது. உடுமலைப் பக்கமிருந்து போகும் வழி அதோடு அறுந்தது. பின்னர் அங்கே போட்ட தற்காலிகப் பாலத்தையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போனதால்தான் 2020-இல் பெட்டிமுடிக்கு மீட்புக் குழு சென்று சேரத் தாமதமானது. இரண்டு நாள் உல்லாசப் பயணத்துக்குக் குறுக்கே வரும் ஒரு சிறு பாலம், மலைவாழ் மக்களுக்கு உயிர்வழி என்பதைப் பயணிகள் அறிந்திருப்பது நல்லது.

வடகிழக்குப் பருவமழையும் மலையை விட்டுவைப்பதில்லை. 2022 நவம்பர் 12 அன்று மூணாறு–வட்டவடைச் சாலையில் குண்டளை அருகே நிலச்சரிவு. கோழிக்கோட்டிலிருந்து வந்த சுற்றுலாக் குழுவின் டெம்போ டிராவலரைச் சேறும் நீரும் பள்ளத்தாக்குக்கு இழுத்துச் சென்றன. மற்றவர்கள் தப்பினார்கள், ஒருவர் உயிரிழந்தார். புயலின் கை இன்னும் நீளமானது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, 200 கி.மீ.-க்கும் அப்பால் உள்ள கொடைக்கானலில் மரங்களைச் சாய்த்துச் சாலைகளை அடைத்தது. கடற்கரைக்குத்தான் புயல் என்று நினைத்துக்கொண்டு மலைக்குக் கிளம்புவது ஆபத்தானது. இன்னும் பின்னோக்கிப் போனால் 1924 ஜூலை வெள்ளம், மூணாறில் ஓடிக்கொண்டிருந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையையே அழித்தது. அது திரும்பக் கட்டப்படவே இல்லை.

இனி கூடாரம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் குமிழ் வடிவக் கூடாரங்கள் பனியைத் தாங்கும், தூறலைத் தாங்கும். ஒரு மணி நேரம் சாய்ந்தடிக்கும் மழையை அவற்றில் பல தாங்குவதில்லை. நீர் முதலில் மேலிருந்து வராது. தையல் ஓரத்திலும் தரைத்துணியின் மூலையிலும் கசியும். உள்ளே படுத்திருப்பவரின் தோளோ தலையணையோ பக்கத் துணியைத் தொட்ட இடத்தில் உட்புகும். வெளித்துணி உள்துணியில் ஒட்டாமல் இழுத்துக் கட்டியிருந்தால் பாதித் தொல்லை தீரும். அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், மழைநீரை வாங்கித் தரைக்கு அடியிலேயே தேக்கிவிடும். அதை உள்ளே மடித்துவிட வேண்டும். அடிவாரத்தில் மழையே இல்லாவிட்டாலும் காற்று உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாயும் ஆடிக்காற்றை நம்பித்தான் உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றில் ஒழுங்காக முளை அடிக்காத கூடாரம் ஆளோடு புரளும்.

வாடகைக் கூடாரத்திலும் பார்த்துத்தான் படுக்க வேண்டும். 2025 மே மாதம் வயநாடு மேப்பாடி அருகே, கூடாரத்துக்கு மேல் மரக்கம்பும் புல்லும் கொண்டு போட்டிருந்த கூரை சரிந்து ஓர் இளம்பெண் இறந்தார். 2021 ஜனவரியில் அதே மேப்பாடிப் பகுதியில் கூடாரத்தில் தங்கியிருந்த பெண்ணை யானை கொன்றது. மேலே கூரை எதனால் ஆனது, கம்பு நனைந்து இற்றிருக்கிறதா, பக்கத்தில் பட்டுப்போன மரம் நிற்கிறதா, பின்னால் வெட்டிவிட்ட மண் சுவர் இருக்கிறதா, மழை வலுத்தால் ஓடிப்போய் ஒதுங்கக் கான்கிரீட் கட்டடம் உண்டா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை.

துணி விஷயத்தில் திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லைதான். ஆனாலும் மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது நல்ல பருத்திப் பனியனையே போட்டுவிடுகிறார்கள். வெயிலுக்கு அதைவிடச் சிறந்தது கிடையாது. ஆனால் நனைந்த பருத்தி நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் உடுமலையைவிட ஏழெட்டு டிகிரி குளிர் கூடுதல், அதோடு காற்று. நனைந்த சட்டையோடு இருக்கும் குழந்தை நடுங்கத் தொடங்கி, பிறகு நடுக்கம் நின்று சோர்ந்து பேச்சுக் குழறினால், அது உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கியதன் அறிகுறி. ஈரத்தைக் களைந்து உலர்ந்த துணியும் போர்வையும் சுற்றி, உடனே மருத்துவ உதவிக்குக் கொண்டுபோக வேண்டும். விளையாட்டு உடைக்கென்று திருப்பூரிலேயே தைக்கப்படும் பாலியஸ்டர் துணி சீக்கிரம் உலரும். ஆளுக்கு ஒரு செட் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் போதும்.

இடி இடிக்கும்போது கூடாரத்தால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. தனி மரத்தடி அதைவிட மோசம். பக்கத்தில் கட்டடம் இல்லையென்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேனுக்குள் உட்கார்வதுதான் சரி. மேலே இரும்புக் கூரை உள்ள வண்டி மின்னலை உடம்புக்குள் விடாமல் வெளிப்பரப்பு வழியாகத் தரைக்குக் கடத்திவிடும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே இறங்கலாம். ஆனால் அந்த வேன் ஓடும் நீருக்குள் இறங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். ஓரடி ஆழம் வேகமாக ஓடும் நீர் சிறிய காரை நகர்த்தும். இரண்டடி ஆழம் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். தரைப்பாலத்தின் மேல் செம்மண் நீர் ஓடும்போது கீழே தார் இருக்கிறதா, அரித்துப்போய்விட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

மறையூருக்கு மேலே மழையோடு மூடுபனியும் சேரும். அந்தச் சாலையில் எதிரே வருவது வண்டி மட்டுமில்லை. படையப்பா என்று ஊர்க்காரர்கள் பெயர் வைத்திருக்கும் கொம்பன் யானை மூணாறு–மறையூர்ச் சாலையில் பேருந்துகளை மறித்து நின்றது பலமுறை செய்தியானது. சின்னாறுக் காட்டுப் பகுதியிலும் யானைக் கூட்டம் சாலையைக் கடப்பது வாடிக்கை. பனிமூட்டத்தில் அருகே போகும்வரை உருவம் தெரியாது. எனவே இருட்டும் முன் மறையூரிலோ மூணாறிலோ போய்ச் சேருவதாகக் கணக்குப் போட்டு உடுமலையை விட வேண்டும். காலை 10 மணிக்கு அணையில் இறங்கி மாலை 4 மணிக்கு மலையேறும் பழக்கம் மழைக்காலத்துக்கு ஆகாது.

வானிலை எச்சரிக்கை பார்ப்பவர்களும் பெரும்பாலும் திருப்பூர் மாவட்டத்துக்குத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது இடுக்கி. அதோடு திண்டுக்கல், தேனியும். இந்திய வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.-க்கு மேல் பெய்வதைக் கனமழை என்றும், 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை என்றும், 204.4 மி.மீ.-ஐத் தாண்டினால் அதி கனமழை என்றும் வகுத்திருக்கிறது. மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனித்துப் போகலாம். ஆரஞ்சு என்றால் கூடாரத்தை மறந்துவிட்டுக் கட்டடத்தில் தங்கலாம், அல்லது தள்ளிப்போடலாம். சிவப்பு நாளில் கிளம்பவே கூடாது. இடுக்கி மாவட்ட நிர்வாகம் அத்தகைய நாட்களில் இரவுப் போக்குவரத்தைத் தடை செய்வதும் உண்டு. மின்னலுக்கு ‘தாமினி’ செயலி இருக்கிறது. இவற்றையெல்லாம் உடுமலையிலேயே பார்த்துவிட வேண்டும். சின்னாறுக் காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. சோதனைச்சாவடி ஊழியர்களிடமும், எதிரே இறங்கிவரும் பேருந்து ஓட்டுநர்களிடமும் ஒரு வார்த்தை கேட்பது அதைவிடப் பயன் தரும். அன்றைய சாலையை அன்றே பார்த்தவர்கள் அவர்கள்.

பயணம் பாதியில் நின்றுவிட்டால், பெரியவர்கள் கட்டிய பணத்தை நினைத்தும் பிள்ளைகள் ஏமாற்றத்திலும் முன்னே போகத்தான் சொல்வார்கள். மறையூர்வரை ஏறிவிட்டவர்கள் அங்கேயே ஓர் இரவு தங்குவது, மேலே போவதையும் இருட்டில் காட்டு வழியே திரும்புவதையும்விட மேல். மழைமறைவுப் பகுதி என்பதால் தென்மேற்குப் பருவத்தில் அங்கே மழை குறைவு. கற்திட்டைகள், சந்தனக்காடு, வெல்லம் காய்ச்சும் கொட்டகை என்று ஒருநாள் போதாத அளவுக்குப் பார்க்க இருக்கிறது. நிற்கும் வண்டியை மண் சுவரின் அடியிலோ ஓடைக்கு அருகிலோ விடக்கூடாது. சாலை மேட்டிலிருந்து சிறு கற்கள் உருள்வதும், மரங்கள் சாய்ந்திருப்பதும், காய்ந்த சரிவிலிருந்து புதிதாக நீர் கசிவதும் சரிவு வரப்போவதன் குறிகள். மழை விட்ட மறுநாளும் இவற்றைக் கவனிக்க வேண்டும். ஊறிப்போன மண், மழை ஓய்ந்து பல மணி நேரம் கழித்தும் சரியும். அடைபட்ட சாலையைத் திறந்ததாக அறிவித்த பிறகே கிளம்ப வேண்டும். போடிமெட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று சிலர் யோசிப்பதுண்டு. உடுமலைச் சாலையை அடைத்த அதே மழை அந்த மலையிலும்தான் பெய்துகொண்டிருக்கும். அந்த வழியின் நிலவரத்தையும் தனியாக விசாரித்துக்கொள்ளாமல் வண்டியைத் திருப்பக்கூடாது. அவசர உதவிக்கு இரு மாநிலத்திலும் 112, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.