விளையாட்டு ஒதுக்கீடு: மே மாதத்தில் தொடங்குவதில்லை

திருநெல்வேலி வட்டாரத்தில் ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’ என்று வழங்கும் விளையாட்டு ஒதுக்கீடு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில்தான் பெரும்பாலான பெற்றோரின் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் பெறுவதற்கான தகுதி, மாணவர் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே உருவாகத் தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நெறிப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, முதல் பிரிவுக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் பத்தாம் வகுப்பு முடிந்த ஆண்டின் ஜூன் 15 முதலே மாணவரைத் தொடர்புகொள்ளலாம் என்று பெரும்பாலான விளையாட்டுகளுக்கு நாள் குறித்திருக்கிறது. அங்கே கல்லூரி மாணவரைத் தேடுகிறது. தாமிரபரணிக் கரையில் மாணவர்தான் சான்றிதழோடு கல்லூரியைத் தேடிச் செல்ல வேண்டியிருப்பதால், காலக் கணக்கை வைத்துக்கொள்ளும் பொறுப்பும் அவருடையதே ஆகிறது.

அச்சான்றிதழ் பள்ளிக் கல்வித் துறையின் போட்டிகளிலிருந்து பிறக்கிறது. பல பள்ளிகளைச் சேர்த்து வகுத்த பகுதியான குறுவட்டத்தில் வென்றவர் வருவாய் மாவட்டப் போட்டிக்கும், அதில் வென்றவர் மாநிலப் போட்டிக்கும் செல்கிறார். மாநில அணிக்குத் தேர்வானவர், இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 14, 17, 19 வயதுக்குட்பட்டோருக்கு நடத்தும் தேசியப் போட்டியில் ஆடுகிறார். அவ்வாறு ஆடியவருக்குக் கிடைப்பதே ‘படிவம் 4’. மத்திய அரசு 1980இல் வேலைவாய்ப்புக்காக வகுத்த இப்படிவ வரிசையில் பன்னாட்டுப் போட்டிக்குப் படிவம் 1, மாநிலங்களுக்கிடையிலான போட்டிக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்குப் படிவம் 3 என வகை பிரித்திருக்கிறார்கள். படிவம் 4இன் அடியில், விளையாட்டுக்குப் பொறுப்பான கல்வித் துறை இயக்குநர் நிலை அலுவலர் தம் கையால் ஒப்பமிட்டால் மட்டுமே அது செல்லும் என்ற குறிப்பு உண்டு. போட்டி முடிந்த கையோடு அந்த ஒப்பத்தைப் பெற்று வைக்காதவர், விண்ணப்ப நாள் நெருங்கும்போது அதற்காக அலைய நேர்கிறது.

இப்போட்டிகளுக்குப் பயிற்சி பெற ஒரு வழியும் உண்டு: தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தன் விளையாட்டு விடுதிகளுக்குக் கோடை விடுமுறையையொட்டித் தேர்வு நடத்தி 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் மாணவரைச் சேர்க்கிறது. ஒன்பதில் அந்த வாய்ப்பைத் தவறவிட்டவர், பத்தாம் வகுப்பில் சேர்க்கை இல்லாததால், இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பொதுத்தேர்வைக் காரணம் காட்டி அந்தப் பத்தாம் வகுப்பிலேயே பிள்ளைகளை மைதானத்திலிருந்து நிறுத்திவிடும் வழக்கம், குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் விளையாட்டு வாழ்வை, அது முளைவிடும் பருவத்திலேயே கிள்ளிவிடுகிறது என்பதை வருத்தத்தோடு சொல்லியாக வேண்டும்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடங்கள் உண்டு. பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வில் அவை நிரம்பிவிடுகின்றன. பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் இப்பிரிவுக்கு ஒதுக்கப்படுகின்றன. எம்.பி.பி.எஸ். படிப்பிலோ மாநிலம் முழுமைக்கும் 7 இடங்களே என்பதால், அங்கே பன்னாட்டுச் சான்றிதழ் உள்ளவரோடு போட்டியிட நேரிடும். கலை அறிவியல், பொறியியல் படிப்புகளுக்கான விண்ணப்பம் பொதுவாக மே மாதத்தில் தொடங்குகிறது. பாளையங்கோட்டையிலும் பேட்டையிலும் உள்ள அரசு உதவி பெறும் கல்லூரிகளில் நடைமுறை சற்று வேறு: அங்கே கல்லூரி உடற்கல்வி இயக்குநரின் பரிந்துரைக்கு மதிப்பு அதிகம் என்பதால், பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் வழியாக அவரை முன்கூட்டியே அணுகி, ஆட்டத்தை நேரில் காட்டிவிடுவது நல்லது.

இப்பகுதியைச் சேர்ந்தவரும் கபடியில் அர்ஜுனா விருது பெற்றவருமான மணத்தி கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர். அவர் காலத்தில் இப்பகுதி வீரருக்குப் பிழைப்புக்கு வழிகாட்டியவை பெரும்பாலும் ஆலை, மின்வாரிய அணிகளே. இன்று அந்த வழி குறுகியிருப்பதால், கல்லூரி இடத்தின் மதிப்பு கூடியிருக்கிறது.

பள்ளியில் படிவம் 4 கிடைக்காதவருக்கும் கதவு முழுதாக அடைபடுவதில்லை. மதிப்பெண்ணால் கல்லூரியில் சேர்ந்து, மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் 25 வயது வரை ஆடலாம். அதற்குக் கிடைக்கும் படிவம் 3, அரசுப் பணியின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது கைகொடுக்கும்.